தேய்ந்த திருக்கை முள்ளை அடையாளம் காண்பது எப்படி: கடற்கரையில் பொறுக்குகிறவர்களுக்கு

மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனாலும் மதுரைக்காரர் வீட்டு ஷோகேஸில் கடற்கரைச் சாமான் இல்லாமல் இருக்காது. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு, அப்படியே தனுஷ்கோடி போய்க் குனிந்து குனிந்து பொறுக்கியது ஒரு டப்பா. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகளோ ஃப்ளோரிடாக் கடற்கரையிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்த கறுப்புத் துண்டுகள் இன்னொரு டப்பா. இரண்டாவது டப்பாவில் உள்ள சுறாப் பல்லைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதற்குப் பக்கத்திலேயே விரல் நீளத்தில், தட்டையாக, ஓரமெல்லாம் மழுங்கி, கரிந்த குச்சி மாதிரி ஒன்று கிடக்கும். பெரும்பாலும் அதைத்தான் குப்பையில் போடுவார்கள். அது திருக்கை மீனின் வால் முள், மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப் புதைபடிவமானதாக இருக்கலாம்.

புதிதாகப் பொறுக்க வருகிறவர்கள் திருக்கை முள் என்றதும் ரம்பப் பல்லைத் தேடுகிறார்கள். கடல் முதலில் தின்று தீர்ப்பது அந்தப் பல்லைத்தான். தேய்ந்த துண்டில் பல் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டாலும் கவலையில்லை. பல்லுக்குப் பிறகும் நிற்பவை வேறு: கீழ்ப்பக்கத்து இரண்டு பள்ளங்கள், நீளவாக்கில் ஓடும் வரிகள், உடைந்த முனையின் முகம். இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்துவிட்டால் போதும்.

முதலில் மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள்

தேய்ந்ததை அறிய வேண்டுமானால் தேயாததைக் கையில் வைத்திருக்க வேண்டும். கரிமேடு, நெல்பேட்டைப் பக்கம் மீன் கடைகளில் திருக்கை வரும் நாளாகப் பார்த்துப் போங்கள். முள்ளைப் படகிலேயே ஒடித்துவிடுவது வழக்கம். வலையில் கை வைக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய தொல்லை. அதனால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். “அண்ணே, வால் வெட்டாத திருக்கை வந்தா எனக்கு வச்சிருங்க, முள்ளு வேணும்” என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. மீன் செத்துப் பல மணி நேரம் ஆனாலும் முள்ளின் மேல் ஒட்டியிருக்கும் தோலிலும் சதையிலும் விஷம் இருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள். கடைக்காரரையே வெட்டித் தரச் சொல்லி, தடித்த துணியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சமைக்காத பழைய சட்டி ஒன்றில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இடுக்கியால் முள்ளைப் போடுங்கள். திருக்கை விஷம் சூட்டில் கெட்டுவிடும், சதையும் கழன்று வரும். ஆறிய பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். தவறிக் குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அந்த இடத்தை முக்கிவைத்தால் வலி தணியும். ஆனால் அதோடு விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முள் துண்டு உள்ளே ஒடிந்து நிற்கலாம்.

காய்ந்த முள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தால், ராமநாதபுரம் சீமையில் வளர்ந்தவர்களுக்குப் பனைமட்டைதான் நினைவுக்கு வரும். இரண்டு ஓரத்திலும் கருக்கு, நடுவில் தட்டை. ஒரு வித்தியாசம்: திருக்கை முள்ளின் பற்கள் எல்லாம் அடிப்பக்கத்தை, அதாவது வாலோடு ஒட்டியிருக்கும் முனையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், இழுக்கும்போது கிழிக்கும். தேய்ந்த துண்டில் ஒரே ஒரு பல்லின் அடி மிச்சமிருந்தாலும், அது சாயும் திசையை வைத்து எது நுனி, எது அடி என்று சொல்லிவிடலாம்.

இந்த முள் எலும்பு அல்ல. சுறா, திருக்கை இனங்களின் தோலைச் சொரசொரப்பாக்கும் பல் போன்ற செதில்களில் ஒன்றுதான் இப்படிப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. உள்ளே இருப்பது பல்லில் இருக்கும் அதே கெட்டிப் பொருள், தந்தினி (டென்டின்). வெளியே எனாமல் போன்ற மெல்லிய பளபளப்பு. திருக்கையின் உடம்புக்குள் இருப்பது குருத்தெலும்பு, அது செத்ததும் மக்கிப்போகும். பெரும்பாலும் பல்லும் முள்ளும்தான் மண்ணில் தங்கும். போதாக்குறைக்குத் திருக்கை பழைய முள்ளை உதிர்த்துவிட்டுப் புது முள் வளர்த்துக்கொள்ளும். பழையது விழுவதற்கு முன்பே புதியது முளைத்துவிடுவதால் ஒரே வாலில் இரண்டு மூன்று முள்ளைப் பார்க்கலாம். ஒரு திருக்கை தன் ஆயுளில் கடலடியில் எத்தனை முள் போட்டுவிட்டுப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். புதைபடிவக் கடற்கரைகளில் இது அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணம் அதுதான்.

மேல் எது, கீழ் எது

மார்க்கெட் முள்ளை மேசைமேல் வையுங்கள். மேல்பக்கம் லேசாகக் குவிந்தோ தட்டையாகவோ இருக்கும். அதன்மேல் நீளவாக்கில் சன்னமான வரிகள் ஓடும், அடிப்பக்கம் நெருங்க நெருங்க வரிகள் அழுத்தமாகும். திருப்பிப் போட்டால் நடுவில் ஒரு மேடு, அதன் இருபுறமும் இரண்டு பள்ளங்கள். விஷம் சுரக்கும் திசு உயிரோடு இருக்கும்போது இந்தப் பள்ளங்களில்தான் படிந்திருக்கும். மேட்டையும் இரட்டைப் பள்ளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பழகுங்கள். பிறகு கடற்கரைத் துண்டைத் தடவும்போது கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

இப்போது இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. இன்னொரு முள் கிடைத்தால், அதை நீங்களே தேயுங்கள். ஹார்ட்வேர் கடையில் உப்புத்தாள் வாங்கி, தாளை நனைத்துக்கொண்டு (தூள் மூக்கில் ஏறக் கூடாது) கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பக்கமும் தேய்த்து, இடையிடையே போட்டோ எடுத்து வையுங்கள். முதலில் பற்களின் கூர் போகும். பிறகு பற்கள் வெறும் மேடுபள்ளமாகும். பளபளப்புத் தோல் உரியும். மேல்பக்கத்துச் சன்ன வரிகள் மங்கும். ஓரம் முழுக்க வழுவழுப்பானபோதும் கீழ்ப்பக்கத்துப் பள்ளங்கள் இருந்துகொண்டே இருக்கும். பள்ளமும் போய்விட்ட பிறகும், குறுக்கே பார்த்தால் வட்டமாக இல்லாமல் அமுங்கிய வடிவம் நிற்கும். கடல் வருடக்கணக்கில் செய்வதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பார்த்துவிடலாம். படம் பார்த்துப் படிப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

துண்டைக் கையில் எடுத்ததும்

நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைவேலைச் சாமான் விற்கிறவர்களிடம் விசாரித்தால் கிடைக்கும். அது இல்லாவிட்டால் போன் கேமராவின் மேக்ரோவும் உதவும்.

துண்டை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். உச்சி வெயிலில் மங்கிய வரி தெரியாது. காலை வெயிலோ, படுக்கவைத்த டார்ச்சோ வேண்டும். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை நுனியிலிருந்து அடிக்கும், அடியிலிருந்து நுனிக்கும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பல்லின் அடிக்கட்டை இருந்தால் ஒரு திசையில் நகம் தட்டும், மறு திசையில் வழுக்கும்.

பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் கொஞ்சம் எடுத்து, துண்டின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். துண்டில் பள்ளமாக இருப்பது மாவில் மேடாக எழும். கண்ணுக்குத் தெரியாத ஆழம்கூட மாவில் தெரியும். (அந்த மாவைத் திரும்பச் சட்டியில் போட்டுவிடாதீர்கள்.)

அடுத்து உடைந்த முனை. கடற்கரையில் முழு முள் கிடைப்பது அபூர்வம், ஏதாவது ஒரு முனையாவது உடைந்திருக்கும். அது நமக்கு நல்லதுதான். லென்ஸில் பார்த்தால் வெளிவட்டம் கெட்டியாகவும், உள்ளே ஊசி குத்தியதுபோல் நுண்துளைகள் சிதறியும் இருக்கும். தந்தினிக்குள் இரத்தக் குழாய்கள் ஓடிய வழி அவை. நடுவில் பெரிய ஓட்டை ஒன்றே ஒன்று இருந்தால் அது திருக்கை முள் அல்ல என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். அடிப்பக்கத் துண்டாக இருந்தால் நுண்துளைகள் கூடுதலாக, பஞ்சுத்தன்மையோடு தெரியும். அங்கேதான் முள் வாலின் தோலோடு பொருந்தியிருந்தது.

ஏமாற்றும் உறவினர்கள்

அதிகம் ஏமாற்றுவது கடல் கெளுத்தியின் முள். கெளிறு வாங்கிச் சமைக்கிறவர்களுக்கு அதைத் தெரியும். முதுகிலும் மார்பிலும் ரம்பம் வைத்த கெட்டி முள், குத்தினால் கடுக்கும். தேய்ந்து கறுத்துக் கிடந்தால் யாரும் திருக்கை என்றுதான் சொல்வார்கள். மூன்று வேறுபாடுகள் உண்டு. கெளுத்தி முள்ளின் அடியில் மூட்டுப் பொருத்தம் இருக்கும். குமிழும் வளைவும் துளையுமாக, எலும்போடு பூட்டிக்கொள்ளும் அமைப்பு அது. திருக்கை முள்ளின் அடியில் மூட்டே கிடையாது, வெறுமனே அகன்று சாய்வாக முடியும். கெளுத்தி முள்ளைக் குறுக்கே பார்த்தால் பருத்த முட்டை வடிவம், நடுவில் ஒரு குழல். மார்பு முள்ளாக இருந்தால் பல்வரிசை இரண்டு ஓரத்திலும் ஒன்றுபோல் இருக்காது. மார்க்கெட்டுக்குப் போன அன்றே ஒரு கெளுத்தி முள்ளையும் வாங்கி வேகவைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது.

கிளாத்தி மீனின் முதுகு முள்ளும் தடிமனானது. அதன் முன்பக்கம் சொரசொரவென்று மணல்போல் இருக்கும், பின்பக்கம் ஒரே ஒரு பள்ளம். திருக்கைக்கு இரண்டு என்பதை மறக்காதீர்கள்.

கடல் முள்ளெலியின் முள் வட்டமானது. புதைபடிவமானதை உடைத்த இடத்தைச் சாய்த்துப் பிடித்தால் தட்டையாகப் பளிச்சென்று மின்னும், ஏனென்றால் ஒவ்வொரு முள்ளும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஒரே படிகமாக நடந்துகொள்ளும். அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். சிப்பி, பவளம், புழுக்கூடு எல்லாமே இப்படி நுரைக்கும், சுண்ணாம்புச் சத்து அது. திருக்கை முள் பாஸ்பேட், அது நுரைக்காது. ஆனால் புதைபடிவத்தின் மேல் சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருந்தால் அந்தப் படிவு நுரைத்து ஏமாற்றும். அதனால் சுத்தமான உடைந்த முகத்தில், ஒரே ஒரு சொட்டு, உடனே கழுவிவிட வேண்டும். வினிகரில் ஊறவைத்தால் பாஸ்பேட்டும் மெல்ல அரிக்கும்.

புதைபடிவக் கடற்கரைகளில் திருக்கையின் இன்னொரு பாகமும் கிடைக்கும். சிப்பியை நொறுக்கித் தின்னும் திருக்கைகளின் வாயில் பல் தட்டைத் தட்டையாக, ஒன்றோடொன்று இழைத்துப் பதித்தபடி இருக்கும். அதில் ஒரு பட்டை தனியாகக் கழன்று வந்தால் ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் சீப்பு வைத்த வேர். சீப்பைப் பார்த்து முள் என்று எழுதிவிடாதீர்கள்.

மூக்கு ரம்பம்போல் நீண்டிருக்கும் வேளா மீனின் ரம்பப் பல்லும் உண்டு. தட்டையான கத்தி வடிவம், ஓரத்தில் கருக்கு இருக்காது. வேளா 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நம் கடற்கரையில் புதிதாகக் கிடந்தால் எடுக்காமல் விட்டுவிடுவதுதான் சரி.

கல்லானதா, நேற்று செத்ததா?

இங்கேதான் ஆசை அறிவை மறைக்கும். நேராகவே சொல்கிறேன்: ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் நீங்கள் எடுக்கும் திருக்கை முள் கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் காலத்து முள்தான். வலையிலிருந்து ஒடித்துப் போட்டது, அல்லது உதிர்ந்தது. அந்தப் பகுதியில் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் பழைய பவளப்பாறைகூட, பூமியின் கணக்கில் மிக அண்மைக்காலத்தது. மதுரையைச் சுற்றிய பாறையிலோ தேடவே வேண்டாம். யானைமலையும் நாகமலையும் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறைகள், மீன் தோன்றுவதற்கு முந்தையவை.

ஃப்ளோரிடாவின் வெனிஸ் கடற்கரை, மேரிலாந்தின் கால்வர்ட் குன்றுகள் போன்ற இடங்களின் கதை வேறு. கால்வர்ட்டில் 1 முதல் 2 கோடி ஆண்டுப் பழமையான மயோசீன் காலக் கடல் படிவுகளை அலை அரித்து, உள்ளே இருப்பதைக் கரையில் கொட்டுகிறது. சுறாப் பல்லோடு திருக்கை முள்ளும் பல் பட்டைகளும் சேர்ந்தே வரும். இந்தியாவில் ஒடிசாவின் பாரிபதா, குஜராத்தின் கட்ச் பகுதிகளின் மயோசீன் படிவுகளிலும் சுறா, திருக்கை எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. எங்கே கிடைத்தது என்பதே பாதித் தீர்ப்பு.

மீதிப் பாதிக்குச் சில சோதனைகள். புது முள் வெளுத்தோ இளமஞ்சளாகவோ இருக்கும், மெல்லிய ஓரத்தின் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும். புதைபடிவம் பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று அது கிடந்த மண்ணின் கனிமத்தைப் பொறுத்து நிறம் மாறியிருக்கும், பெரும்பாலும் வெளிச்சத்தை விடாது. பீங்கான் தட்டில் மெதுவாகத் தட்டினால் புதியது மொத்தென்றும், கல்லானது கிண்ணென்றும் கேட்கும். ஆனால் கறுப்பு என்பதால் மட்டும் பழசு ஆகிவிடாது. காற்றுப் புகாத சேற்றில் புதைந்த புது எலும்பும் சிப்பியும்கூடக் கறுத்துவிடும், உப்பங்கழி ஓரங்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

நம்பகமான சோதனை ஊசிதான். ஊசி நுனியைப் பழுக்கக் காய்ச்சி, உடைந்த முனையில் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து லேசாகத் தொடுங்கள். முடி கருகும் வாசனை வந்தால் உள்ளே இன்னும் புரதம் இருக்கிறது, புதியது. வாசனையே இல்லாவிட்டால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். வெயிலிலும் உப்பிலும் பல காலம் கிடந்து வெளுத்த முள்ளில் வாசனை மங்கலாக வரும், அப்போது சந்தேகக் கணக்கில் எழுதி வையுங்கள்.

இதெல்லாம் திருக்கையின் முள்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். உதிரி முள் மட்டும் கிடைத்திருந்தால் சந்தேகம் இருந்திருக்கும். அமெரிக்காவின் வயோமிங்கில் கிரீன் ரிவர் பாறைகளில், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹீலியோபாடிஸ் என்ற நன்னீர்த் திருக்கை முழு உடலும் பதிந்தபடி கிடைக்கிறது. வாலின்மேல் முள்ளும் அதே இடத்தில் இருக்கிறது. இன்றைய முள்ளுக்கும் அதற்கும் அமைப்பில் பெரிய மாற்றமில்லை.

பெயர் எழுதும்போது கையை அடக்குங்கள்

தேய்ந்த முள்ளை வைத்து இன்ன இனம் என்று சொல்ல முடியாது. பல வகைத் திருக்கைகளுக்கு ஒரே மாதிரி முள், ஒரே மீனிலும் அளவும் பல் எண்ணிக்கையும் மாறும். “திருக்கை வகை, வால் முள் துண்டு” என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எங்கே எடுத்தது, எந்தத் தேதி, அலை ஓரமா மணல்மேடா, பக்கத்தில் வேறென்ன கிடந்தது என்பதை அன்றே எழுதுங்கள். போட்டோவில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் வைக்காதீர்கள். நாணயத்தின் அளவே அது வெளியான ஆண்டைப் பொறுத்து மாறுகிறது. பள்ளிக்கூட ஸ்கேல் போதும். மேல், கீழ், ஓரம், உடைந்த முனை என்று நான்கு படங்கள் வேண்டும். ஒரே ஒரு மேல்பக்கப் படத்தை அனுப்பி “இது என்ன?” என்று கேட்டால் எந்த நிபுணராலும் பதில் சொல்ல முடியாது. இக்காலத்து மீன் முள் பற்றிய சந்தேகமென்றால் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, போகிற வழியில் விசாரிக்கலாம்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அங்கே பொறுக்கும் பேச்சே கிடையாது. கல்பவளம் செத்ததானாலும் கரையிலிருந்து எடுத்துவரக் கூடாது. வைகை கடலைத் தொடும் அழகன்குளம் பக்கம் நடந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். அது பழைய துறைமுக ஊர். கீழடியில் எலும்புக் கூர்முனைகள் கிடைத்தது போல, அங்கேயும் தீட்டிய எலும்பு கண்ணில் படலாம். துளை போட்டதோ, வெட்டுத் தழும்பு உள்ளதோ, மனிதக் கை பட்டதாகத் தெரிந்தாலோ, அந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஃப்ளோரிடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அங்கே அரசு நிலத்தில் சுறாப் பல் எடுக்க அனுமதி தேவையில்லை, மற்ற முதுகெலும்பிகளின் புதைபடிவங்களுக்கு மாநில அனுமதிச் சீட்டு வேண்டும். திருக்கை முள் இந்த இரண்டாம் வகை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உப்பை எடுக்க வேண்டும். உப்பு உள்ளே தங்கிக் காய்ந்தால் படிகமாகி விரிசல் விடும். நல்ல தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் விடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். வார்னிஷ், நெயில் பாலிஷ் எதுவும் பூசாதீர்கள், வரிகள் அடைபட்டுப் பிறகு யாராலும் படிக்க முடியாது. டப்பாவில் பஞ்சு வைத்தால் மிச்சமிருக்கும் பல்லில் நூல் சிக்கும், அதனால் டிஷ்யூ பேப்பரில் சுற்றி, எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதிய சீட்டையும் உள்ளேயே போட்டு மூடுங்கள்.